உப்புக்கு அடியில் எடுத்த படம்: எவ்வளவு அளந்தது, எவ்வளவு நாம் வரைந்தது?

"வயிற்றில் இருக்கும் குழந்தையின் விரல்களைக்கூட ஸ்கேனில் எண்ணிவிடுகிறார்கள். ஒரு கிணற்றுக்கு நூறு மில்லியன் டாலருக்கு மேல் செலவழிக்கும் எண்ணெய்க் கம்பெனிகள், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் வைத்துக்கொண்டு, கடைசியில் வெறும் கிணறு தோண்டிவிட்டுத் திரும்புகின்றனவே, ஏன்? சீஸ்மிக் படம் நிஜமான படமா, இல்லை ஊகமா?" இதுதான் கேட்கப்பட்ட கேள்வி. கருவியும் கம்ப்யூட்டரும் போதவில்லையா என்று கேட்பதுபோல இருந்தாலும், உள்ளே இருப்பது வேறு: அந்தப் படத்தில் எவ்வளவு அளவீடு, எவ்வளவு மனிதர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொண்ட முடிவு? நான் பல வருடங்கள் சீஸ்மிக் ப்ராசஸிங்கில், அதாவது நிலத்துக்குள் அனுப்பிய ஒலியின் எதிரொலிகளைப் படமாக்கும் வேலையில், பெரும்பாலும் மெக்சிகோ வளைகுடாவின் ஆழ்கடல் தரவுகளில் வேலை பார்த்தவன். அதனால் அந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். இமயமலை அடிவாரம் போன்ற மலைப் பகுதித் தரவுகளின் சிக்கல்கள் வேறு மாதிரி. அவற்றுக்கு அங்கே வேலை பார்த்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஸ்கேன் ஒப்பீட்டையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் விடையின் பாதி அதிலேயே இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் மெஷின் எதிரொலி திரும்பிவர ஆகும் நேரத்தைத்தான் அளக்கிறது. அதை ஆழமாக மாற்ற ஒலியின் வேகம் தெரிய வேண்டும். உடம்பின் மென்மையான திசுக்களில் அது ஏறக்குறைய ஒரே மாதிரி, அதனால் மெஷினுக்குள் வினாடிக்கு 1540 மீட்டர் என்ற ஒரே எண்ணை வைத்துவிட்டால் போதும், படம் சரியாக வந்துவிடும். இப்போது அதே மெஷினை ஒரு பெரியவரின் தலையில் வைத்துப் பாருங்கள். மண்டையோடு குறுக்கே வந்ததும் கதை முடிந்தது. எலும்பில் ஒலியின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அலை வளைகிறது, சிதறுகிறது, பெரும் பகுதி திரும்பிவிடுகிறது. பச்சைக் குழந்தைக்கு மட்டும் உச்சிக்குழி வழியாக மூளையைப் பார்க்க முடிகிறது. நிலத்தடியில் எங்களுக்கு மண்டையோடாக வந்து வாய்ப்பது உப்பு. அதில் உச்சிக்குழியும் பெரும்பாலும் கிடையாது.

கடலில் சீஸ்மிக் எடுப்பது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் பின்னால் ஏர்கன்களை இழுத்துக்கொண்டு போகிறது. அழுத்திய காற்றைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை தண்ணீருக்குள் திறந்துவிட, அந்த ஓசை கடலடியைத் துளைத்துக் கீழே போய், பாறை அடுக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்புகிறது. கப்பலுக்குப் பின்னால் எட்டு, பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மிதக்கும் ஸ்ட்ரீமர் கேபிள்களில் உள்ள ஹைட்ரோஃபோன்கள், அதாவது தண்ணீருக்குள் ஒலியைப் பிடிக்கும் மைக்குகள், அதைப் பதிவு செய்கின்றன. ஒரு பதிவு பத்துப் பன்னிரண்டு வினாடி நீளம். கவனியுங்கள், பதிவாகியிருப்பது நேரமும் அழுத்தமும் மட்டுமே. எந்த ஆழத்திலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எந்த ஹைட்ரோஃபோனும் சொல்லாது. அந்த எதிரொலிகளை அவை புறப்பட்ட இடத்துக்குத் திருப்பி அனுப்பும் கணக்குக்குத்தான் மைக்ரேஷன் என்று பெயர். அதற்கு நிலத்தடியின் ஒவ்வொரு இடத்திலும் அலையின் வேகம் என்ன என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

படம் வேண்டுமானால் வேகம் தெரிய வேண்டும், வேகம் தெரிய வேண்டுமானால் கீழே எங்கே என்ன இருக்கிறது என்ற படம் வேண்டும். இந்தத் தொழில் முழுவதும் இந்தச் சுழலுக்குள்தான் நடக்கிறது.

அடுக்குகள் ஒழுங்காகக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் இடங்களில் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரச் சுலபமான வழி உண்டு. ஒரே புள்ளியில் பட்டுத் திரும்பிய அலையைக் கப்பலுக்கு அருகிலும் தூரத்திலும் உள்ள பல ஹைட்ரோஃபோன்கள் பிடித்திருக்கும். தூரம் கூடக் கூட அது தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்பது இடையில் உள்ள பாறையின் வேகத்தைப் பொறுத்தது. சரியான வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் பதிவுகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது கோடு நேராகப் படுக்கும். வேகம் குறைவாக வைத்தால் மேல்நோக்கி வளையும், கூடுதலாக வைத்தால் கீழ்நோக்கிச் சரியும். இந்தத் தொகுப்பை நாங்கள் கேதர் என்போம். கேதர் நேராகப் படுக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்களுக்கு நாடி பிடிப்பது மாதிரி. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கேதரைப் பார்க்காமல் அனுபவமுள்ள எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சரி, உப்புக்கு வருவோம். மெக்சிகோ வளைகுடா திறந்துகொண்டிருந்த ஜுராசிக் காலத்தில், சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த கடல் திரும்பத் திரும்ப வற்றி ஏராளமான உப்பு படிந்தது. லூவான் உப்பு என்று அதற்குப் பெயர். அதன்மேல் ஆறுகள் கொண்டுவந்த மணலும் களியும் கிலோமீட்டர் கணக்கில் படிந்தன. மணலும் களியும் புதையப் புதைய இறுகி அடர்த்தி கூடும். உப்பு இறுகாது, அதன் அடர்த்தி எப்போதும் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம் அளவிலேயே நிற்கும். அழுத்தம் வந்தால் அது மெல்ல ஓடவும் செய்யும். ஆகவே மேலே உள்ள சுமை ஏற ஏற, கனம் குறைந்த உப்பு பிதுங்கிக்கொண்டு மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் விரிந்து, பக்கத்து உப்போடு ஒட்டி, தன்னைவிட இளைய மணல் அடுக்குகளின் தலைக்குமேல் கூரை போட்டுக்கொண்டது. அந்தக் கூரையின் தெற்கு விளிம்பு கடலடியில் ஒரு பெரிய சரிவாகவே தெரிகிறது. சிக்ஸ்பீ சரிவு என்பது அதுதான். எண்ணெய் இருக்கும் மணற்கற்கள் பல இடங்களில் இந்தக் கூரைக்கு அடியில் இருக்கின்றன. ஒருகாலத்தில் உப்பு தட்டுப்பட்டால் அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்கள். 1993-இல் மஹோகனி என்ற இடத்தில் உப்பைத் துளைத்துக்கொண்டு போன கிணற்றில் விற்கத்தக்க அளவு எண்ணெய் கிடைத்த பிறகுதான், உப்புக்கு அடியில் பார்க்க வேண்டும் என்ற அவசரம் எல்லோரையும் பிடித்தது.

உப்பில் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 4500 மீட்டர். பக்கத்தில் உள்ள மணல், களி அடுக்குகளில் 2500, 3000 என்று இருக்கும். இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 2 கிலோமீட்டர் தடிமனுள்ள உப்பு ஒன்று இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் அதே தடிமனுக்கு 3000 மீட்டர் வேகமுள்ள களி அடுக்கு. இரண்டுக்கும் அடியில் தட்டையாக ஒரு பாறைப் பரப்பு. களி வழியாகப் போய்த் திரும்பும் அலைக்கு அந்த 2 கிலோமீட்டரைக் கடக்க 1.33 வினாடி. உப்பு வழியாகப் போனால் 0.89 வினாடி. 0.44 வினாடி முன்னதாகவே வந்து நிற்கிறது. உப்பு இருப்பதைக் கவனிக்காமல் எல்லா இடத்திலும் 3000 என்று வைத்து ஆழத்துக்கு மாற்றினால், தட்டையான அந்தப் பரப்பு உப்புக்கு நேர் கீழே மட்டும் 660 மீட்டர் உயரத்துக்கு மேடாகத் தெரியும். எண்ணெய் தேடுபவர் தவம் கிடப்பதே இப்படி மேல்நோக்கி வளைந்த மேட்டுக்குத்தான், எண்ணெய் மேலேறி வந்து தங்குவது அங்கேதான். இல்லாத மேடு, அதுவும் பார்க்க மிக லட்சணமான மேடு. அதில் கிணறு தோண்டினால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது எல்லோருக்கும் தெரிந்த பொறி, இன்றைக்கு யாரும் இதில் நேரடியாக விழுவதில்லை. இதன் சிறிய வடிவங்களில்தான் விழுகிறோம். உப்பின் அடிப்பரப்பை 300 மீட்டர் கீழே தள்ளி வரைந்துவிட்டோம், அதாவது 300 மீட்டர் களியை உப்பு என்று எடுத்துக்கொண்டோம் என்று வையுங்கள். அதற்குக் கீழே உள்ள எல்லாமே இருக்க வேண்டிய இடத்தைவிடச் சுமார் நூறு மீட்டர் கீழே போய் உட்காரும். ஒரு பக்கம் மட்டும் அப்படி வரைந்திருந்தால் அடுக்குகள் அந்தப் பக்கம் சரிந்திருப்பதுபோலத் தோன்றும். ஒரு எண்ணெய் வயல் தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்யும் சரிவே பல நேரங்களில் அவ்வளவுதான் இருக்கும்.

அப்புறம், வேகம் சரியாக இருந்தாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. மெதுவான பாறையிலிருந்து வேகமான பாறைக்குள் அலை நுழையும்போது விலகிப் போகும். ஒரு கோணத்துக்கு மேல் சாய்வாக வந்தால் நுழையவே நுழையாது, முழுக்கத் திரும்பிவிடும். 2500-இலிருந்து 4500-க்கு அந்த எல்லை சுமார் 34 டிகிரி. உப்பின் மேல்பரப்பு மேசை மாதிரி இருக்காது, மேடும் பள்ளமும் செங்குத்தான பக்கங்களுமாக இருக்கும். ஓர் இடத்தில் அது 40 டிகிரி சரிந்திருந்தால், நேர் கீழாக வரும் அலைகூட அங்கே உள்ளே போகாது. நுழைந்ததிலும் ஒரு பகுதி உப்புக்குள் குறுக்கலையாக, அதாவது பாறையைப் பக்கவாட்டில் அசைத்துப் போகும் அலையாக, மாறி மெதுவாகப் பயணம் செய்து, அடிப்பரப்பின் இன்னொரு நிழலை உண்மையான அடிப்பரப்புக்குக் கீழே காட்டும். புதியவர்கள் அதை ஓர் அடுக்கு என்றே எண்ணிக் கோடு போடுவார்கள். போதாததற்குக் கடல்மட்டத்துக்கும் கடலடிக்கும் நடுவே, கடல்மட்டத்துக்கும் உப்பின் மேல்பரப்புக்கும் நடுவே மறுபடி மறுபடி மோதித் திரும்பும் மல்டிபிள்கள். உப்புக்கு அடியிலிருந்து வரும் நிஜ எதிரொலி மிக மெல்லியது, மல்டிபிள் பல மடங்கு பலமானது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் எதை எடுப்பது, எதை விடுவது?

அடுத்ததாகச் சொல்லப்போவதை வெளியே அதிகம் யாரும் சொல்வதில்லை. உப்பின் உருவம் எப்படிப் படத்துக்குள் வருகிறது? நாங்கள்தான் வரைகிறோம். முதலில் உப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு, மணல், களி அடுக்குகளின் வேகத்தை மட்டும் வைத்து ஒரு மைக்ரேஷன் ஓட்டுவோம். அதில் உப்பின் மேல்பரப்பு பளிச்சென்று தெரியும். அதைக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே எல்லாமே உப்பு என்று 4500-ஐ நிரப்பி மறுபடி ஓட்டுவோம். இதற்கு சால்ட் ஃப்ளட் என்று பெயர். இப்போது அடிப்பரப்பு தெரியும், அல்லது தெரிய வேண்டும். அதையும் கோடு போட்டு, அதற்குக் கீழே மறுபடி மணல், களியின் வேகத்தைக் கொடுத்து மூன்றாவது தடவை ஓட்டினால் உப்புக்கு அடியில் உள்ள படம் வரும். உப்பு நாக்கை நீட்டிக்கொண்டு, அதற்குக் கீழே மறுபடி அடுக்குகள், அதற்கும் கீழே இன்னொரு உப்பு என்று இருந்தால் இந்தச் சுற்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. திரையில் வெட்டுமுகம் வெட்டுமுகமாகத் தள்ளிக்கொண்டே போகும்போது, நாலைந்து வெட்டுமுகங்களில் அடிப்பரப்பு கோடு கிழித்ததுபோல இருக்கும், அடுத்த இரண்டில் மங்கும், மூன்றாவதில் இரண்டு கோடுகளாகப் பிரியும். மேலே உள்ளதை எடுப்பதா, கீழே உள்ளதையா? இரண்டு உப்புத் திட்டுகள் வந்து ஒட்டிய தையல் அது, நடுவே களி மாட்டியிருக்கிறது என்பார் ஒருவர். அதெல்லாம் மல்டிபிளின் வால் என்பார் இன்னொருவர். கடைசியில் யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவு, எங்கே என்ன வேகம் என்று கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வேக மாதிரிக்குள் போய்விடும். அடுத்த படத்தில் அது ஒரு முடிவு என்பதற்கான அடையாளமே இருக்காது, நிலத்தடியே அப்படித்தான் என்பதுபோலத் தெரியும்.

ஆகவே கேள்விக்கு நேரடி பதில்: அது ஊகம் இல்லை, புகைப்படமும் இல்லை. உப்புக்கு மேலே அது பெரும்பாலும் அளவீடு. உப்புக்குக் கீழே, எங்கள் கைப்பட வரைந்த உப்பு சரியாக இருந்தால் மட்டும் செல்லுபடியாகும் ஒரு நிபந்தனைப் படம். கோடு கூர்மையாக இருப்பது அது சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. தப்பான மாதிரியிலும் கூர்மையான கோடு வரும், தப்பான இடத்தில்.

கம்ப்யூட்டர் சக்தியைப் பற்றிக் கேட்டதற்கும் சொல்ல வேண்டும். அது உண்மையிலேயே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பல வருடங்கள் வேலைக்குக் கைகொடுத்தது கிர்ச்சாஃப் மைக்ரேஷன். அலை ஒரு கதிராகப் போகிறது என்று வைத்துக்கொண்டு நேரத்தைக் கணக்கிடும் முறை அது. உப்பின் விளிம்புகளில் ஒரே புள்ளிக்குப் பல பாதைகளில் அலை வந்து சேரும்போது அது தடுமாறும். அலைச் சமன்பாட்டையே தீர்த்துப் படம் எடுக்கும் வழியை 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஜான் கிளேர்பவுட் காட்டினார். கீழே போகும் அலையும் மேலே திரும்பும் அலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே எதிரொலிக்கும் பரப்பு ஒன்று இருக்கிறது என்பதே அதன் கரு. பதிவான அலையைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டும் ரிவர்ஸ் டைம் மைக்ரேஷன் (சுருக்கமாக ஆர்டிஎம்) 1983-லேயே பல குழுக்களால் தனித்தனியாக வெளியிடப்பட்டது. ஆனால் முப்பரிமாணத்தில் அன்றாட வேலைக்கு அது வந்து சேர 2000-களின் பிற்பகுதி ஆயிற்று, அதுவரை அவ்வளவு கணக்கைத் தாங்கும் மெஷின் இல்லை. உப்பின் செங்குத்துப் பக்கங்களும் குடை விரித்த அடிப்பகுதிகளும் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் ஆர்டிஎம் எவ்வளவு துல்லியமோ, கொடுத்த வேக மாதிரிக்கு அவ்வளவு விசுவாசம். மாதிரி தப்பென்றால் தப்பை மிகத் துல்லியமாக வரைந்து காட்டும்.

கம்ப்யூட்டர் மட்டும் போதாது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. விடை தெரிந்த செயற்கை நிலத்தடி மாதிரிகளை உருவாக்கி, அதன்மேல் கணக்கில் சீஸ்மிக் எடுத்து, எங்கள் முறைகளைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அங்கோலாவின் குவான்சா படுகையை மனதில் வைத்து பிரெஞ்சு பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் 1988-இல் செய்த மார்மூசி மாதிரி இந்தத் துறையில் எல்லோரும் கைவைத்த ஒன்று. சிக்ஸ்பீ சரிவை வைத்துச் செய்த சிக்ஸ்பீ 2ஏ என்று இன்னொன்று உண்டு. அதில் உப்புக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்திருப்பார்கள். நல்ல முறை என்றால் அத்தனையும் புள்ளியாகத் தெரிய வேண்டும். மாதிரியின் உண்மையான வேகத்தையே, அதாவது விடைத்தாளையே, கையில் கொடுத்து மைக்ரேஷன் செய்தாலும், உப்பு குண்டும் குழியுமாக இருக்கும் பக்கத்துக்குக் கீழே சில புள்ளிகள் மங்கித்தான் வரும். அங்கே போதுமான அலை போய்ச் சேரவே இல்லை, அவ்வளவுதான். இல்லாத வெளிச்சத்தை எந்தக் கணக்கும் கொண்டுவராது.

அந்த வெளிச்சத்தைக் கூட்டியது கணக்குப் போடுபவர்களைவிடத் தரவு எடுக்கும் முறையை மாற்றியவர்கள்தான் என்பது என் கருத்து. பழைய முறையில் ஒரே கப்பல், கேபிள் அதன் பின்னால், ஆகவே எல்லா அலையும் ஏறக்குறைய கப்பல் போகும் திசையிலேயே பயணம் செய்திருக்கும். உப்பின் ஒரு மேடு அந்தத் திசையை மறைத்தால் போச்சு. 2004-05-இல் மெக்சிகோ வளைகுடாவின் மேட் டாக் எண்ணெய் வயலில் பிபி எண்ணெய் நிறுவனம் ஓசை எழுப்பும் கப்பல்களைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்திப் பல திசைகளிலிருந்து பதிவு செய்தது. வைட் அசிமத் என்று அதைச் சொல்வோம். அடுத்து 2005-06-இல் பக்கத்து அட்லாண்டிஸ் வயலில் ரிமோட்டில் இயங்கும் நீர்மூழ்கி வண்டிகளை வைத்து, கடலடியிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நோடுகளை வைத்துப் பதிவு செய்தார்கள். நோடு என்பது தானாக இயங்கும் சிறிய பதிவுக் கருவி. கேபிள் இல்லாததால் ஓசை எழுப்பும் கப்பல் எந்தத் திசைக்கும் எவ்வளவு தூரத்துக்கும் போகலாம். அந்த "எவ்வளவு தூரத்துக்கும்" என்பது பின்னால் மிகப் பெரிய விஷயமாக ஆனது.

வேக மாதிரியைக் கையால் வரைவதை விட்டுவிட்டுத் தரவையே சொல்லவைக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வெர்ஷன், சுருக்கமாக எஃப்டபிள்யூஐ. ஒரு வேக மாதிரியை வைத்து, பதிவு எப்படி வந்திருக்கும் என்று கணக்கிடு, நிஜப் பதிவோடு ஒப்பிடு, வித்தியாசம் குறையும்படி மாதிரியைத் திருத்து, திரும்பத் திரும்பச் செய். ஆல்பர்ட் டரன்டோலா 1984-இல் இதைத் தெளிவாக எழுதிவிட்டார். ஆனால் வடகடலில் நார்வேயின் வால்ஹால் வயலில் 2010-ஐ ஒட்டி வந்த படங்கள்தான் தொழில்துறையை நம்பவைத்தன. 150 மீட்டர் ஆழத்தில் பழைய கால்வாய்களின் தடங்கள், அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் வாயு பரவியிருக்கும் உருவம், எல்லாம் வேக மாதிரியிலேயே தெரிந்தன. இருபத்தைந்து வருடம் ஏன் ஆயிற்று? கணக்கின் அளவு ஒரு காரணம். இன்னொன்று நுட்பமானது. கணக்கிட்ட அலையும் நிஜ அலையும் அரைச் சுழற்சிக்கு மேல் விலகியிருந்தால், இந்த முறை அலையின் ஒரு முகட்டைத் தப்பான முகட்டோடு பொருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நின்றுவிடும். 5 ஹெர்ட்ஸ் அலைக்கு அரைச் சுழற்சி 0.1 வினாடி. மேலே பார்த்த உப்புக் கணக்கில் தப்பு 0.44 வினாடி. அதைத் தாங்க வேண்டுமானால் ஒரு ஹெர்ட்ஸை ஒட்டிய மிகத் தாழ்ந்த அதிர்வெண் வேண்டும், ஏர்கன் அங்கே ரொம்ப பலவீனம். அதனால்தான் தொடக்க மாதிரி ஓரளவு சரியாக இருந்தாக வேண்டும் என்கிறோம். தூரமும் அப்படித்தான். வேகத்தை நன்றாகச் சொல்பவை கீழே மூழ்கி வளைந்து மேலே திரும்பும் அலைகள். அவை எட்டும் ஆழம், கப்பலுக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான். 8 கிலோமீட்டர் கேபிள் வைத்துக்கொண்டு 8 கிலோமீட்டர் ஆழத்து உப்பைத் திருத்த முடியாது. கடலடி நோடுகளும் முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரப் பதிவுகளும் வந்த பிறகு, கையால் வரைந்த உப்பின் உருவத்தையே எஃப்டபிள்யூஐ திருத்த ஆரம்பித்தது. 2019 ஜனவரியில், மேம்பட்ட சீஸ்மிக் படங்களால் அட்லாண்டிஸில் மேலும் 40 கோடி பீப்பாய் எண்ணெய் நிலத்தடியில் இருப்பது தெரிந்ததாக பிபி அறிவித்தது. நிலத்தடியில் இருப்பது வேறு, வெளியே எடுக்க முடிவது வேறு, செய்தித்தாள்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். இருந்தாலும் படத்தால் வந்த லாபம் என்பதில் சந்தேகமில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே எஃப்டபிள்யூஐ-யை மண்டையோட்டைத் தாண்டி மூளையைப் பார்க்கப் பயன்படுத்தலாமா என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வு நடக்கிறது.

ஏஐ இதையெல்லாம் தீர்த்துவிடாதா என்ற கேள்வி அடுத்து வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் சீஸ்மிக் தரவு நிறுவனமான டிஜிஎஸ், சீஸ்மிக் துண்டுகளில் உப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றை, மெஷின் லேர்னிங் போட்டிகள் நடக்கும் காகிள் தளத்தில் நடத்தியது. இன்று மேல்பரப்பைக் கோடு போடும் வேலையில் மெஷின் உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அது கற்றுக்கொண்டது மனிதர்கள் வரைந்த உப்பிலிருந்து. இரண்டு கோடாகப் பிரியும் இடத்தில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்ட கேள்விக்கு அதனிடம் புதுச் சாட்சி எதுவும் கிடையாது.

எதை நம்பலாம் என்று என் அனுபவத்தில் ஒரு வரிசை சொல்கிறேன். கடலடி, உப்புக்கு மேலுள்ள அடுக்குகள், பெரிய பிளவுகள், உப்பின் மேல்பரப்பு: இவற்றின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யலாம். உப்பின் அடிப்பரப்பு அது தட்டையாக உள்ள இடங்களில் நம்பத்தக்கது, செங்குத்தான இடங்களிலும் தையல்களிலும் ஐயத்துக்குரியது. உப்புக்கு அடியில் பெரிய மடிப்புகளின் பொதுவான போக்கு, நல்ல நோடு தரவு இருந்தால், நம்பலாம். ஆழம் சில நூறு அடி தள்ளி வருவது சகஜம். களி அடுக்குகளில் அலை கிடைமட்டத்தில் செங்குத்தைவிடப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வேகமாகப் போகக்கூடும், அந்த வித்தியாசத்தைக் கிணறு தோண்டிப் பார்க்காமல் சரியாகச் சொல்ல முடியாது. மெல்லிய அடுக்குகளைப் பற்றி உப்புக்கு அடியில் கேட்கவே வேண்டாம். அவ்வளவு ஆழத்தில் தேறுவது 15 ஹெர்ட்ஸை ஒட்டிய அலைதான். 3500 மீட்டர் வேகத்தில் அதன் அலைநீளம் 230 மீட்டர், அதில் கால் பங்கு, அதாவது 60 மீட்டருக்குக் குறைந்த தடிமனுள்ள மணற்கல்லின் மேலும் கீழும் தனித்தனியாகத் தெரியாது. கோடு பளிச்சென்று இருப்பதை வைத்து "இங்கே எண்ணெய், இங்கே வாயு" என்று உப்புக்கு மேலே சொல்வதுபோலக் கீழே சொல்பவரை நான் நம்புவதில்லை. அந்தப் பளிச்சுக்குப் பாறை காரணமா, மேலே உப்பில் இருக்கும் ஒரு பள்ளம் வழியாகக் கொஞ்சம் கூடுதல் அலை இறங்கியது காரணமா என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம்.

இந்தியாவில் இதற்கு இணையான தலைவலி தக்காணத்தின் பேசால்ட். சௌராஷ்டிரா, கட்ச் பகுதிகளில் எரிமலைக் குழம்பு உறைந்த அந்தப் பாறைக்கு அடியில் அதைவிடப் பழைய படிவுப் பாறைகள் இருக்கின்றன. பேசால்ட்டும் வேகமான பாறைதான், ஆனால் உப்பைப் போல உள்ளே ஒரே சீராக இருக்காது. குழம்பு அடுக்கடுக்காக ஓடி, நடுவே மண்ணாகிப்போன படலங்களும் சேர்ந்து, அலையை அங்கங்கே சிதறடித்துத் தின்றுவிடும். கீழே போய்த் திரும்புவது தாழ்ந்த அதிர்வெண் மட்டுமே. அதனால் அங்கே எதிரொலிச் சீஸ்மிக்கை மட்டும் நம்பாமல், தூரத்துப் பதிவுகள், ஈர்ப்பு விசை அளவீடு, பூமியின் இயற்கையான மின்காந்த அலைகளை வைத்துச் செய்யும் மேக்னடோடெலுரிக் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் இந்தத் திசையில் நிறைய வேலை செய்திருக்கிறது. சீஸ்மிக் அலைக்குத் தடையாக இருக்கும் பாறை மின்சாரத்துக்கும் ஈர்ப்புக்கும் அதே மாதிரி தடையாக இருப்பதில்லை என்பதே இதன் தர்க்கம். படம் கூர்மை குறைந்துதான் வரும்.

கடைசியாக, வெறும் கிணறு என்றாலே படம் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் உருவாகும் பாறை அங்கே போதுமான அளவு வெந்திருக்க வேண்டும், எண்ணெய் நகர்ந்து வர வழி இருக்க வேண்டும், அது வந்த காலத்தில் மேடு உருவாகியிருக்க வேண்டும், மணற்கல்லில் இடைவெளி இருக்க வேண்டும், மேலே மூடி ஒழுகாமல் இருக்க வேண்டும். சீஸ்மிக் நன்றாகச் சொல்வது இதில் மேட்டைப் பற்றி மட்டும்தான், மற்றவற்றுக்கு அது அரைகுறைச் சாட்சி. படம் சொன்ன ஆழத்தில், படம் சொன்ன மணற்கல் அப்படியே இருந்து, அதில் உப்புத்தண்ணீர் மட்டும் இருந்த கிணறுகள் ஏராளம். அந்தக் கிணறுகளில் எங்கள் வேலை சரியாகத்தான் இருந்தது என்று சொன்னால் பணம் போட்டவர்கள் ரசிக்க மாட்டார்கள். நீங்கள் எப்போதாவது அப்படி ஒரு படத்தைப் பார்க்க நேர்ந்தால், உப்பின் உருவத்தை எத்தனை விதமாக மாற்றி வரைந்து ஓட்டிப் பார்த்தீர்கள், அத்தனையிலும் அந்த மேடு நின்றதா என்று கேளுங்கள். ஒரே விதத்தில்தான் ஓட்டினோம் என்றால், அந்த மேட்டை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.